சார்ஜர்

பெர்க்மான்ஸ் சார்ஜர் வாங்கப் போறான் என்றதும்
ஷைனி சொன்னாள்:
"போன மாசந்தான ஒண்ணு வாங்கினாரு,
வயரு அத்துப் போச்சோ?"

இது அந்தச் சார்ஜர் இல்ல மைனி, காராக்கும்.
அமெரிக்காக்காரன் செஞ்சது. எட்டு சிலிண்டர்.
நம்ம வள்ளத்து எஞ்சின் முப்பத்தேழைச் சேத்துக் கட்டினா
அதுக்க இழுப்பு வரும்.

"அத வச்சு எதை இழுக்கப் போறாரு?"

இதற்குப் பதில் எந்த மெக்கானிக்கிடமும் இல்லை.

தம்மாமிலிருந்து படங்கள் வந்தன.
கறுப்பு. ஆறு வருஷம் ஓடினது.
பின்பக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை
ஒரே சிவப்புக் கோடு,
கச்சான் அடங்கின நாளின் அந்திக்கடல் மாதிரி.
நேர் ரோட்டில் எட்டில் நாலு தானாக உறங்கிவிடுமாம்,
பாயில் காற்று பிடித்ததும்
தண்டு வலிக்கிறவர்கள் சாய்ந்துகொள்வதுபோல.
இதன் அப்பன், தாத்தன் எல்லாம் ரெண்டு கதவுக்காரர்கள்,
சிக்னலில் சும்மா நின்றாலும் உறுமுவார்களாம்.
இவனுக்கு நாலு கதவு. குடும்பஸ்தன்.
பெர்க்மான்சுக்குப் பிடித்ததே அதுதான்.
நாலையும் ஒவ்வொன்றாய்த் திறந்து அடைத்து
சத்தத்தை மட்டும் அனுப்பினான்.
நல்ல சத்தம்.
கோயில் கதவு சாத்துகிற கனம்.

குறும்பனையில் அவன் வீட்டுக்குப் போகிற சந்தில்
ரெண்டு பேர் மீன்கூடையோடு எதிர்ப்பட்டால்
ஒருத்தர் யார் வீட்டு நடையிலாவது ஏறி நிற்கவேண்டும்.
அதை நான் ஞாபகப்படுத்தவில்லை.
கேட்டது ஒன்றுதான்:

"எடே, ஸ்டார்ட் பண்ணுமுன்ன
பானெட்டுல கைய வச்சுப் பாத்தியா?"

"சூடா இருந்து."

அங்கேதான் கள்ளம்.
விற்கிறவன் உனக்கு முன்பே எழுப்பிவிட்டிருக்கிறான்.
சூடேறின எஞ்சின்
பெண்பார்க்க வரும் நாளின் வீடு, எல்லாம் அடுக்கியிருக்கும்.
நாளைக்கு விடியுமுன்ன போ.
பட்டனை நீயே அமுக்கு.

மறுநாள் ஏழரை மணி, குளச்சல் துறைமுகம்.
அங்கே அஞ்சு.
சாளை ஏலம் உச்சத்தில் இருந்தது.
ஐஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி
போனைக் காதில் அழுத்தினேன்.
முதலில் ஒரு கனைப்பு.
பிறகு அடிவயிற்றிலிருந்து அவசரமில்லாத ஒரு முழக்கம்.
சத்தியமாய்ச் சொல்கிறேன், உள்ளங்கால் கூசியது.
அதற்குள்ளே,
தகரத்தை யாரோ நகத்தால் தட்டுகிறமாதிரி
டிக். டிக். டிக்.

"ஆஃப் பண்ணாத. நில்லு."

உள்ளே உருளை தேய்ந்திருந்தால் இது நிற்காது,
எட்டு மாசச் சம்பளம் போகும்.
புகைக்குழாய் ஆணி முறிந்ததென்றால்
சூட்டில் இரும்பு விரிந்து தானே வாயை மூடும்.
ரெண்டு பேரும் பேசவில்லை.
என் முழங்கால் மரத்துக்கொண்டு வந்தது.
கதவுக்கு வெளியே ஒருவன் நானூறு, நானூறு என்று கத்தினான்.
நாலு நிமிஷம் கழிந்து
டிக் மெலிந்தது. இடைவெளி விட்டது. இல்லாமலானது.

"ஆணிதான் மக்கா. ரெண்டாயிரம் ரியால் குறைச்சுக் கேளு.
அவனுக்கும் தெரியும்."

ஆயிரத்தி எழுநூறு குறைத்தான்.

வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது.
ஷைனி என்னை மாடிக்குக் கூப்பிட்டாள்.
கட்டி முடிக்காத தூண்களில் கம்பிகள் துருவேறி நின்றன,
ரெண்டு கம்பிக்கிடையில் கொடி, அதில் பிள்ளைகளின் யூனிஃபார்ம்.
விலையை அவள் கேட்கவில்லை.
நானும் வாயைத் திறக்கவில்லை.

வண்டி அசைந்ததும் உள்ளே
டங், டங், டங் என்று ஒரு மணி.

"இது என்ன, இதும் ஆணியா?"

இல்ல மைனி. பக்கத்து சீட்டுல ஆளு இருந்து
பெல்ட் போடலேன்னா அடிக்கும்.

"ஆளா?"

திரையை ரெண்டு விரலால் அகலப்படுத்தினாள்.
முன்சீட்டில், ஜன்னலோரம்,
இருபது கிலோ அரிசிச் சாக்கு.
ஒரு கை நீண்டு வருகிறது.
பெல்ட்டை இழுத்து
சாக்கின் குறுக்கே போட்டு மாட்டுகிறது.
மணி நின்றது.

ஷைனி ஒன்றும் சொல்லாமல்
மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.