பாலத்தில் புகை

சீட்டுக் கழிவு போக அறுபதாயிரம்.
ஐஸ் கொம்பனிக் கணக்குக் கொப்பிக்குள் வைத்து
குருநகரில் இருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
எந்த வள்ளத்துக்கு எத்தனை கட்டி என்று எழுதும் அதே கொப்பி.

திருகாணி நாலில் மூன்று கழன்றது.
நாலாவது உப்புக் காற்றில் பெட்டியோடு ஒன்றாகிவிட்டது.
மூடியை அதைச் சுற்றியே திருப்பித் திறந்தேன்.
உள்ளே பத்து வருசத் தூசி,
பூனையின் வயிறு போல மெதுமெதுவென்று.
ஃபான் இதழில் ஒரு பல்லிவால். பல்லி இல்லை.

"புதுசு வாங்கினால் என்ன?"
கட்டிலில் இருந்து ஜெசிந்தா.
அறுபதுக்குப் புதுசு வராது என்று அவளுக்குத் தெரியும்.
லைட்டை நூக்கச் சொல்லும் விதம் அது.

பனி கொட்டும் ஊர், நடுவில் ஒரு பாலம்.
ஐஸ் எனக்குத் தெரியும், டன் கணக்கில்.
பனியைக் கண்டது அங்கே மட்டும்தான்.
யாராவது புகைக்குண்டு எறிந்தால்
என் திரை நின்றுவிடும்.
இரண்டு விநாடி. சிலவேளை மூன்று.
படம் திரும்பி வரும்போது பாலத்தில் கிடப்பேன்.
ஒஸ்லோவில் இருந்து கீர்த்திகன் சிரிப்பான்,
"அக்கா, திரும்பவும் கொம்பியூட்டரோ?"
ஓம், என்பேன். வேறென்ன.

கஸ்தூரியார் வீதி, எட்மனின் கடை.
கண்ணாடி அலுமாரிக்குள் கிராபிக்ஸ் கார்ட்,
மூன்று ஃபான், பெட்டியில் நெருப்புக் கக்கும் மிருகம்.
பாவித்ததுதான், ஐம்பத்தெட்டு. எனக்கென்றால் ஐம்பத்தாறரை.
அதைப் பூட்டினால் பவர் சப்ளை தாங்காது.
பவர் சப்ளை மாற்றினாலும் ப்ரொசசர் பின்னால் இழுபடும்.
ப்ரொசசரை மாற்றப் போனால் போர்ட் பொருந்தாது,
போர்ட் மாறினால் பழைய றாம் சேராது.
ஒரு பல்லுப் பிடுங்க வந்தவளிடம்
தாடைக்கு விலை சொல்கிறான் என்று நினைத்தேன்.
பாவம், அவன் அப்படியில்லை.
கார்ட்டை அலுமாரிக்குள் திரும்ப வைத்துவிட்டுக் கேட்டான்:
"முதல்ல எது முட்டுது எண்டு பாத்தனீங்களோ?"

பார்க்கவில்லை.
அன்றிரவு ஆட்டத்தின் மூலையில் எண்களை ஓடவிட்டேன்.
புகை எழும்பிய நேரம்
கார்ட் பாதி வேலையில் கொட்டாவி விட்டது.
றாம் எட்டும் நிரம்பி வழிந்து
ஹார்ட் டிஸ்க்கின் கதவைத் தட்டியது.
அதுவோ கர்ர், கர்ர் என்று
சில்லறை தேடும் மினிபஸ் கொண்டக்டர்.

ஆக,
றாம் இன்னொரு எட்டு, பாவித்தது, ஐயாயிரத்து ஐந்நூறு.
எஸ்எஸ்டி பதின்மூன்றரை.
பவர் சப்ளை பதினாறு. இதற்குக் காரணம் எண்களில் இல்லை.
போன மாரியில் கரண்ட் போய், வந்து, போய், வந்த இரவு
ஐஸ் கொம்பனி மோட்டர் எரிந்த மணம்
இன்னும் என் மூக்கில் நிற்கிறது.
திரையில் ஒரு படத்தைக்கூட அது கூட்டித் தராது.
எட்மன் அதைத்தான் முதலில் சுற்றிக் கட்டினான்.
மிச்சக் காசை ஜெசிந்தா எண்ணினாள், கேட்காமலே. இரண்டு தரம்.

சனி இரவு. பாலம். புகை.
திரை நிற்கவில்லை.
புகை மடிந்து மடிந்து உருள்வதை
முதன்முதலாகக் கண்டேன். வடிவாக இருந்தது.
பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.
அதற்குள் இருந்து ஒருவன் வந்தான்,
முழங்கால் மடக்கினான், குறி வைத்தான்.
எல்லாம் தெரிந்தது, ஒரு துண்டும் விடுபடாமல்,
நான் விழுந்தது உட்பட.

காதுக்குள் ஒஸ்லோ பேசாமல் இருந்தது.
பிறகு, "அக்கா?"

பெட்டி ஒற்றைத் துரு ஆணியில் இரைந்துகொண்டிருந்தது.
"இது நான்தான்," என்றேன்.
"இன்னொருக்கா போடு."