பாட்டு ஐந்து, மூன்று நிமிடம் பன்னிரண்டு

வட்டைச் சுற்றித் துடைக்கக் கூடாது.
நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு
நேர்க்கோடாக.
மூக்குக் கண்ணாடித் துணி போதும்.
துப்பட்டா ஆகாது, நூலிழையில் மண் இருக்கும்.

பாயான் லெப்பாசில் பதினாறு வருடம்
சில்லுகளில் பழுது தேடிய கண்.
வேலையை விட்டும் தேடுகிறது.

ரெலாவ் அடுக்குமாடி, பதினோராம் மாடி.
சாப்பாட்டு மேசையில் ஒரு பழைய டிரைவ்
(லோரோங் கூலிட் சந்தையில் பதினைந்து ரிங்கிட்,
பேரம் பேசிப் பன்னிரண்டு),
இருநூற்று நாற்பது வட்டுகள்,
ஆறிப்போன கோப்பி.

முதலில் டிரைவின் குணம் தெரிய வேண்டும்.
இவள் அவசரக்காரி,
ஆறு சாம்பிள் முந்தித் தொடங்குகிறாள்.
ஒரு நொடியை
நாற்பத்து நாலாயிரத்து நூறாய் நறுக்கினால்
அதில் ஆறு துண்டு.
யார் காதுக்கும் எட்டாது.
திருத்தினேன்.

எம்பி-திரீ வேண்டாம் என்றதும் திவேஷ் சிரித்தான்,
"உங்க காதுக்கு வித்தியாசம் தெரியுமாம்மா?"
தெரியாதுதான்.
எனக்குத் தெரியாததையெல்லாம் எறிந்துவிட
நான் யார்?

நகலெடுக்கும்போது பாட்டு கேட்பதில்லை.
டிரைவ் மட்டும் முனகும்.
ஒவ்வொரு துண்டையும் இரண்டு முறை படிக்கும்,
ஒத்துப்போனால் நகரும்.
இல்லையென்றால் திரும்பிப் போகும்
பதினாறு முறை, எண்பது முறை,
சாவி வைத்த இடம் மறந்தவர்
ஒரே அலமாரியைத் திறந்து திறந்து பார்ப்பதுபோல்.

சில மென்பொருள்கள் அப்படியில்லை.
படிக்க முடியாத இடத்தில்
பக்கத்துச் சத்தத்தை இழுத்து ஒட்டுப் போட்டுவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் முன்னே போகும்.
நானும் வெகுகாலம் அந்த ரகம்தான்.

நூற்றுப் பதினேழாவது வட்டு.
ஜெலுத்தோங்கில் ஒரு கல்யாண வரவேற்பு,
எங்கள் இசைக்குழு.
மேலே மார்க்கர் பேனாவில் குணாளன் கையெழுத்து.
ஐந்தாம் பாட்டில், மூன்று நிமிடம் பன்னிரண்டில்
மேலே ஏறும் இடத்தில்
என் குரல் மயிரிழை இறங்கும்.

"சுருதி விட்டுட்டே, தமயந்தி" என்றான்.
"வட்டுல கீறல்" என்றேன்.
கீறினால் சத்தம் தட்டும், தாவும், செத்துப்போகும்.
சுருதி இறங்காது.
அவனுக்கும் அது தெரியும்.
இருபத்து மூன்று வருடம் கீறல் என்றே
சொல்லி வந்தேன்.
அவன் பட்டர்வொர்த்தில், நான் தீவில்.
பெர்ரி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கீறல் இருப்பதும் உண்மை,
விளக்கில் சாய்த்தால் நகம் பட்டதுபோல் தெரியும்.
இன்று மாலை டிரைவ் அங்கே வந்து
தயங்கியது.
திரும்பிப் போனது.
பழுதே, வா, என்று வேண்டிக்கொண்டேன்
வாழ்க்கையில் முதல் முறையாக.

பச்சை.
சோதனைக்கு ஓர் ஓட்டம், நகலுக்கு ஓர் ஓட்டம்,
இரண்டுக்கும் ஒரே எட்டெழுத்துக் கைரேகை.
பிழை: இல்லை.

ஹெட்போனை மாட்டினேன்.
பரிமாறும் கரண்டிச் சத்தம்,
யாரோ நாற்காலி இழுப்பது,
பிறகு நான்.
இவ்வளவு துல்லியமாக
நான் தப்பாகப் பாடியதே இல்லை.

இன்னொன்றும் கேட்டது,
அந்த நாளில் எந்த ஒலிபெருக்கியிலும் கேட்காதது.
எனக்கு அடியில் பேஸ் கித்தார்
ஒரு சுரத்தை
வேண்டியதைவிடக் கொஞ்சம் நீளமாகப் பிடித்திருக்கிறது,
நான் ஏறி வரும்வரை.

சுருக்கி நசுக்காமல் அனுப்பினேன்,
முப்பத்தொரு மெகாபைட்.
கூடவே அந்தப் பிழை அறிக்கையும்.
வேறு ஒரு சொல் எழுதவில்லை.

பதினொன்றரைக்குப் பதில் வந்தது:
"எந்த டிரைவ்? வேகம் எவ்ளோ வெச்சே?"

"நாலு" என்றேன்.

தட்டச்சு செய்கிறார் என்று
வெகுநேரம் காட்டியது.
நின்றது.
மறுபடி தொடங்கியது.