ஒன்று கூடுதல்

இரவு பதினொன்று நாற்பது.
எழுமலை விலக்கில்
ஒருவர் ரோட்டை மறித்து நிற்கிறார் என்று
பால்வண்டிக்காரர் நூறுக்கு அடித்தார்.
கையில் துப்பாக்கி என்றார்.
மண்வெட்டிக் கணை.
ஆனாலும் இருட்டில் அது துப்பாக்கிதான்,
பிடித்திருந்த விதம் அப்படி.

மாசிக் களரி முடிந்து
வாணவேட்டு அடங்கிக் கால்மணி நேரம்.
புளியமரங்களுக்குள் இன்னும் புகை.
மொக்கராசு, முன்னாள் ஹவில்தார்,
வண்டி வண்டியாய் நிறுத்திப்
பேப்பர் கேட்டுக்கொண்டிருந்தார்.
தேங்காய் லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.
பிள்ளைத்தாச்சி இருந்த ஆட்டோவை மட்டும்
கேட்காமல் விட்டார்.

போன வருசமும் இதே ஆள்.
அப்போது நாங்கள் நான்கு பேர்
பின்னாலிருந்து பாய்ந்தோம்.
என் முழங்கால் அவர் முதுகில் இருந்தது.
'பொது அமைதிக்குக் குந்தகம்' என்று
நான்தான் எழுதினேன்.
கையெழுத்து அன்றைக்கு அழகாக வந்திருந்தது.

இந்த முறை எங்கள் ஜீப்பை மறித்தது
அவர் மனைவி பஞ்சவர்ணம்.
"அந்தச் சுத்துற லைட்டை முதல்ல அமத்துங்க.
பின்னால போகாதீங்க.
போன தடவை நீங்க பிடிச்ச பிடியில
மூணு மாசம்
கதவைப் பார்த்தே சோறு தின்னாரு."
எஸ்.ஐ. என்னைப் பார்த்தார்.
நான் என் ஷூவைப் பார்த்தேன்.

டிரைவர் அந்தோணிராசுக்கு ஒரு யோசனை.
விறைப்பாய் நடந்துபோய் சல்யூட் வைத்து
"டூட்டி மாத்த வந்திருக்கேன் சார்" என்றார்.
மொக்கராசு மேலும் கீழும் பார்த்தார்.
"நீ போலீசுக்காரன்.
இந்தத் தொப்பையோட எவனும்
டூட்டி மாத்த வரமாட்டான்."
லாரிக்காரன் சிரித்துவிட்டான்.

அதற்கப்புறம் எங்களிடம் யோசனை எதுவும் இல்லை.
வண்டிகளை வேறு வழியில் திருப்பினோம்.
லத்தியை ஜீப்புக்குள் வைத்தேன்,
வைப்பதை அவர் பார்க்கும்படி.
அவருக்கு எதிரே, பத்தடி தள்ளி,
மைல்கல்லில் உட்கார்ந்தேன்.
"என் பேர் குருவம்மாள் சார்.
மக ஏழாவது படிக்கிறா.
கணக்கு வரலை."
பதில் இல்லை.
ஒரு மணி.
ஒன்றே கால்.
கொசு, கொசு, கொசு.
ஒன்றரைக்கு "தண்ணி இருக்கா" என்றார்.

பாட்டிலைத் தரையில் உருட்டிவிட்டேன்.
பாதி குடித்து
மூடியை இறுக்கி
மீதியை எனக்கு உருட்டிவிட்டார்.
எந்த மலையில் எவனோடு
அப்படிப் பங்கு வைத்தாரோ,
நான் கேட்கவில்லை.

கணை கீழே சாய்ந்தபோது மணி இரண்டு ஐந்து.
ஜீப்பில் முன் சீட்டு, கதவோரம்.
பின்னால் பஞ்சவர்ணம்.
பெரியாஸ்பத்திரி வாசலில் அவரே இறங்கினார்.

ஜெனரல் டைரியில்
'எடுத்த நடவடிக்கை' என்ற இடத்தில்
'உட்கார்ந்திருந்தோம்' என்று எழுதினேன்.
இன்ஸ்பெக்டர் அதை அடித்துவிட்டு
'அறிவுரை கூறப்பட்டது' என்று எழுதச் சொன்னார்.
எழுதினேன்.
யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை.

இப்போது ஸ்டேஷன் போனுக்கு மேலே
ஒரு காலண்டர் தொங்குகிறது.
கொடியேற்றம், காதுகுத்து, கட்சி ஊர்வலம்,
வெடி உள்ள நாளெல்லாம்
பஞ்சவர்ணம் போட்ட சிவப்பு வட்டம்.
அனுமதி கேட்டு வரும் வேட்டுக்காரரிடம்
நான் கேட்பது:
எத்தனை மணிக்கு, எத்தனை வேட்டு.
ஏற இறங்கப் பார்ப்பார்கள்.
கேட்டதை மொக்கராசுக்குப் போனில் சொல்வேன்.
அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பார்.
"எண்ணிக்கை தெரிஞ்சாப் போதும்மா,
எண்ணிக்கிட்டே இருந்துருவேன்."

போன வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரில் கும்பாபிஷேகம்.
இருபத்தொன்று என்று சொல்லியிருந்தேன்.
ஒன்பது ஐந்துக்கு ஸ்டேஷன் போன் அடித்தது.
எடுத்தால் முதலில் மூச்சுதான் கேட்டது,
ஓடி வந்தவர் போல.
அப்புறம்
"ஒன்னு கூடுதல்" என்றார்.
"விசாரிச்சுச் சொல்லும்மா.
நான் லைன்லயே இருக்கேன்."