வரிக்கு வரி

பென்னாகரம் ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
மாதேசன் அதை ஒரே ஒரு தடவை சொன்னான்,
தண்ணீர் லாரியின் டயர் பக்கத்தில் நின்று.
நான் ஏழு தடவை எழுதினேன்.

முதலில் புள்ளி வைத்துப் பார்த்தேன்.
கெட்ட வார்த்தைக்கு வைப்பதுபோல
நாலு புள்ளி, ஒரு சாய்கோடு.
இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.
"புள்ளி வெச்சா கோர்ட்ல நிக்காதும்மா.
அவன் என்ன சொன்னானோ அத அப்படியே,
வரிக்கு வரி."

அப்படியே அடித்தேன்.
எஃப்.ஐ.ஆரில் ஒன்று.
தீர்த்தகிரியின் வாக்குமூலத்தில் ஒன்று.
சாட்சிகள் மூன்று பேர். அதில் இரண்டு பேர்
அன்று ஊரிலேயே இல்லை, ஓசூரில் ஷிஃப்ட்,
போனில் பார்த்துப் புண்பட்டவர்கள்.
மூன்றிலும் ஒவ்வொன்று.
செல்போன் கைப்பற்றிய மகஜரில் ஒன்று.
ரிமாண்ட் ரிப்போர்ட்டில் ஒன்று.
நாலாவதில் ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது,
திருத்தினேன்.
ஆறாவதில் காகிதத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

விபத்து கேஸ் என்றால் சுலபம்.
தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்தால்
ஜி.ஹெச். டாக்டர் எழுதித் தருவார்:
இடது முழங்கால், நாலு சென்டிமீட்டர், எலும்பு தெரிகிறது.
தீர்த்தகிரி சட்டையின் இரண்டாவது பட்டனைத் தொட்டு
"இங்கதாம்மா" என்றார்.
அவர் பொய் சொல்லவில்லை என்றுதான்
இன்றும் நினைக்கிறேன். கண் கலங்கியிருந்தது.
கும்பாபிஷேகத்துக்கு இருபத்தோரு நாள் விரதம் இருந்தவர்.
நானும் செவ்வாய்க்கிழமை விளக்கு போடுகிறவள்தான்,
முதல் தடவை அடித்தபோது
எனக்கும் சுருக்கென்றது.
மாதேசன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
லாரியும் வந்திருக்கலாம்.

அவர்கள் தெருவுக்கு ஒன்பது நாளைக்கு ஒரு லாரி.
அன்றைக்கு அது கோயில் மதில் கழுவப் போய்விட்டது.
போர் தண்ணீர் இருக்கிறதே என்றேன்.
வாயைத் திறந்து காட்டினான்.
பழுப்பு, கோடு கோடாக,
துருப்பிடித்த சீப்பு மாதிரி.
மகளுக்கும் இப்படித்தான் முளைக்கிறதாம்.
அந்த வாயால்தான் சொன்னான்.

திட்டமிட்டு, தீய எண்ணத்துடன் என்கிறது சட்டம்.
பழைய நம்பர் இருநூற்றுத் தொண்ணூற்றைந்து ஏ,
இப்போது இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
கேட்க வேண்டியது என் வேலை, கேட்டேன்.
"தீய எண்ணம் இருந்துச்சா?"
"கொடம் இருந்துச்சுங்க மேடம். நாலு கொடம்."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

எதிரி எண் ஒன்று: மாதேசன், த/பெ மாதையன்.
மாதேஸ்வரன் மலைக்கு நேர்ந்து பிறந்த பிள்ளையாம்.
எதிரிக் கட்டத்தில் சாமி பெயரை அடிக்கையில்
விரல் ஒரு நொடி நின்றது.
அதற்கு யாரும் புகார் தரவில்லை.

கோர்ட்டில் உரக்க வாசித்தார்கள்.
வாய்தாவுக்கு வந்தவர்கள், வக்கீல்கள்,
டீ கிளாஸ் எடுக்க வந்த பையன்,
எல்லோருமே கேட்டோம், தீர்த்தகிரியும்.
எங்கள் யார்மேலும் கேஸ் இல்லை.
அவனுக்குப் பதினைந்து நாள்.

அது என்ன வரி என்று கேட்பீர்கள்.
ஏழு தடவை எழுத எனக்கு அரசாங்கம் சம்பளம் தந்தது.
இது சொந்த நோட்டு, சொந்தப் பேனா.
நீங்கள் யாரென்றும் எனக்குத் தெரியாது.
நாலு புள்ளி, ஒரு சாய்கோடு.

விடியற்காலை மூன்று மணிக்கு
குவார்ட்டர்ஸ் குழாயில் எங்கள் முறை.
குடத்தை வைத்துத் திருகினேன்.
தெருவில் நாய்கூட இல்லை,
அந்த வரி தொண்டைவரை வந்தது,
சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன்.
குழாய் இரண்டு தரம் இருமியது.
காற்று மட்டும் வந்தது.