பூட்டுவதற்கு முன்

கோத்தகிரி பஸ் நிலையத்துக்கு மேலே
செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில்
ஜோயல் ஜெராக்ஸ்.
உள்ளே மூன்று கணினி, ஒன்றுதான் ஓடும்.
அதில் என் பெயர், என் கட்-ஆஃப்,
நூற்று எழுபத்தொன்றரை.
முதல் விருப்பம் சிவில். இரண்டாவதும் சிவில்.
பதினேழாவது வரை சிவில்.
"லாக் பண்ணிடவா?" என்கிறான் ஜோயல்.
ஐந்து மணிக்குத் தளம் மூடும். இப்போது நாலு பத்து.
இரு, என்றேன்.

பையில் பி.காம். சேர்க்கைக் கடிதம், நான்காய் மடித்தது.
திங்களுக்குள் பணம் கட்ட வேண்டும்.
அதன் மேல் ஒரு நோட்டு.

முன்னாலிருந்து திறந்தால் இலைக் கணக்கு.
எங்கள் வரிசையில் ஏழு வீட்டுக்கு நான்தான் எழுதுகிறேன்,
ஒன்பதாம் வகுப்பிலிருந்து.
தமயந்தி அக்கா நாற்பத்தொரு கிலோ.
போஜன் வீட்டில் அறுபத்திரண்டு.
நூறு கிலோவுக்கு எட்டு கிலோ தண்ணீரென்று
ஃபேக்டரியில் கழிப்பார்கள்.
மழை நாளில் சரி.
மார்ச் வெயிலிலும் எட்டுதான்.
இலை சுருண்டு கிடக்கும்,
தாளில் மட்டும் ஈரம்.

பின்னாலிருந்து திறந்தால் சுவர்.
வீடுகளுக்குப் பின்னால் புதிதாய்க் கட்டிய தடுப்புச் சுவர்,
இரண்டு ஆள் உயரம்.
ஐப்பசியில் அதில் ஒரு கீறல்.
பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன்.
மூன்றாம் தேதி இரண்டு மில்லி.
ஒன்பதாம் தேதி ஐந்து.
பதினான்காம் தேதி என் சுண்டுவிரல் போனது.
பதினேழாம் தேதி ராத்திரி சுவர் உட்கார்ந்துவிட்டது.
சத்தம் பெரிதாக இல்லை,
லாரியிலிருந்து இலை மூட்டையைத் தள்ளுகிற மாதிரி.
எங்கள் குளியலறையும் சூசையின் பைக்கும் போயின.
ஆட்களுக்கு ஒன்றுமில்லை.
அதனால் செய்தியும் இல்லை.

அப்பா அந்த லாரியைத்தான் ஓட்டுகிறார்.
மகள் இன்ஜினியர் என்றால்
கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.
அம்மாவுக்கு ஒரே கேள்வி,
எதில் சீக்கிரம் சம்பளம்?
எனக்கோ, மண்ணுக்குள் தண்ணீர் எப்படி வழி தேடுகிறதென்று
நினைத்தாலே தூக்கம் போய்விடும்.
காதல் என்று இதைத்தான் சொல்கிறார்களோ என்னவோ.

தை மாதம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போனேன்,
சுவரின் பில்லைப் பார்க்க.
"யாரும்மா நீ?"
அங்கே குடியிருக்கிறேன் சார்.
"அது சரி. நீ யாரு?"
கையில் தரவில்லை.
மேஜையில் கிடந்ததைத் தலைகீழாகப் படித்தேன்:
வடிகுழாய், பி.வி.சி., மூன்று அங்குலம்,
நாற்பத்தெட்டு எண்ணம்.
வந்து இடிந்த கல்லையெல்லாம் புரட்டினேன்.
மூன்று ஞாயிற்றுக்கிழமை.
ஒரு குழாய்கூட இல்லை.
தண்ணீர் வெளியே வர ஓட்டை வைக்காமல்
மலைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று மத்தியானம்வரை சிவில்தான்.
ஜோயலின் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்த பிறகு தோன்றியது,
சுவரை அளக்க என்னை யாரும் தடுக்கவில்லை.
ஸ்கேல் பதினைந்து ரூபாய்.
கீறல் யாருக்கும் தன்னைக் காட்டும்.
பில்தான் நீ யார் என்று கேட்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு முத்திரை வேண்டும்.
பி.காம்., அப்புறம் ஆடிட்டர் பரீட்சை,
அது எத்தனை வருஷமோ, எத்தனை முறை தோற்பேனோ.
அம்மாவின் கேள்விக்கு நல்ல பதில் இல்லை.
வளைவில் அப்பா எப்படி உட்காருவாரோ.

நாலு ஐம்பத்திரண்டு.
பதினேழு வரிகளையும் ஒருமுறை படித்தேன்.
கோவை, சேலம், காரைக்குடி,
பார்க்காத ஊர்களின் பார்க்காத பரிசோதனைக் கூடங்கள்,
மண்ணை அடுப்பில் வைத்து
ஈரம் எவ்வளவென்று உண்மையாகவே எடை போடுவார்களாம்.

"கரண்ட் போயிடும், சீக்கிரம் சொல்லு."
வேண்டாம் ஜோயல். மூடிடு.

உள்ளே எங்கோ இரண்டு மில்லி விலகியது.
அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

முப்பது ரூபாய் என்றான்.
ரசீது கேட்டேன்.
ஒரு நிமிஷம் பார்த்தான், சிரித்தான்,
சுவரிலிருந்து காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து
பின்புறம் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.
திருப்பிப் பார்த்தேன்.
"தேதி நேற்றையது," என்றேன்.