லோயர் பெர்த்

அல்மாட்டியில் வண்டி கிளம்பிப்
பத்து நிமிடம்கூட ஆகவில்லை.
முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார் கலம்காஸ்:
"மேலே போய்க்கொள்கிறாயா?
சின்ன வயசுதானே உனக்கு."

முப்பத்து நான்கு.
கை கால் எல்லாம் இருக்கிறது,
நேற்று வெட்டிய முடி, உதட்டில் சாயம்கூட.
டிக்கெட்டில் பதினேழு என்று போட்டிருக்கிறது.
ஏன் பதினேழு என்று போடவில்லை.

"முடியாது" என்றேன்.
அதற்குப் பின்னால் இன்னொரு வாக்கியம் வர வேண்டும்.
தேநீரில் கரண்டியை நிறுத்திவைத்து
எல்லோரும் காத்திருந்தார்கள்.

அந்த வாக்கியத்தை முன்பு சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
பள்ளியில் சொன்னேன், நீச்சல் வகுப்பு போனது.
வங்கியில் சொன்னேன், வேலை போனது, மிக மரியாதையாக.
எர்கெபுலான் வீட்டில் சொன்னேன்,
நான் குடித்த கிண்ணத்தை அவன் அம்மா
இரண்டு தடவை கழுவினாள்.

சிப்பாய்ப் பையன் பெக்ஸாத் எழுந்தான்.
தன் கீழிடத்தைக் கலம்காஸுக்குக் கொடுத்தான்.
என் தலைக்கு மேல் ஏறும்போது
பூட்ஸை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழற்றினான்.

மாலை.
கம்பம், வெயில், கம்பம், வெயில், கம்பம்.
துடிக்கும் வெளிச்சம் எனக்கு ஆகாது.
திரையை இழுத்து மூடினேன்.
"இடமும் அவளுக்கு, ஜன்னலும் அவளுக்கு"
என்றது மேலே ஒரு குரல்.
யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

எட்டு மணிக்கு மாத்திரை.
முன்பெல்லாம் மேற்கே போகப் போக
ஒரு மணி நேரம் எங்கோ காணாமல் போகும்,
விரல் விட்டுக் கணக்குப் போடுவேன்.
இப்போது நாடு முழுக்க ஒரே கடிகாரம்.
இந்த வண்டியில் அதற்காகச் சந்தோஷப்பட்டவள்
நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் பேச்சில் இந்த நோயின் பெயருக்குள்
ஒரு முயல் இருக்கிறது.
எந்தப் புதரில், எப்போது, தெரியாது.
ஒரு முறை சந்தையில், தர்பூசணிகளுக்கு நடுவே.
ஒரு முறை தூக்கத்தில்.
விழித்தால் நாக்கில் ரத்தம்,
சுற்றிலும் முகங்கள்,
யாரோ என் செருப்பைக் கையில் வைத்திருப்பார்கள்.

தரையில் கோட்டை விரித்துவிட்டுப் படுத்தேன்.
கலம்காஸ் குறட்டை விட்டார்.
சாக்சவுல் புதர்களும் இருட்டும்
திரைக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.
அப்போதுதான் நினைத்தேன்,
வாழ்க்கையில் முதல் தடவையாக:
வந்துவிடேன்.
இவர்கள் நாலு பேர் முன்னால், இன்றைக்கு ஒரு நாள்.
வந்து சொல்லிவிட்டுப் போயேன்.

வரவில்லை.
இருபத்தாறு வருடம் கூடவே இருந்த முயல்,
சாட்சிக்குக் கூப்பிட்டால் காது கேட்காது அதற்கு.

காலையில் கலம்காஸ் பவுர்சாக் பொட்டலத்தைப் பிரித்தார்.
பெக்ஸாதுக்கு மூன்று.
எனக்கும் ஒன்று, முகம் பார்க்காமல்.
வாங்கிக்கொண்டேன், பசித்தது.

அராலில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது.
உட்கார்ந்துதான் தூக்குவேன்,
குளிக்கவைக்க என்னிடம் தராதே என்று
போனிலேயே சொல்லியாயிற்று.
அவளிடம் மட்டும் அந்த வாக்கியம் நீளமாக வரும்.

வண்டி நின்றது.
பிளாட்பாரம் முழுக்கப் புகையூட்டிய மீன் வாசனை.
பெட்டியை நானே தூக்கினேன்,
நானே படியிறங்கினேன்.
ஜன்னலிலிருந்து அவர்கள் பார்ப்பது முதுகில் தெரிந்தது.
ஒரு கால் இடறினால்கூடப் போதும் என்றிருந்தது.

நேராக நடந்து போனேன்,
பொய் சொன்னவள் மாதிரி.