பயன்பாட்டு மாற்றம்

படிவத்தின் நான்காம் கட்டம்:
இப்போதைய பயன்பாடு, வழிபாட்டிடம்.
ஐந்தாம் கட்டம்:
கோரும் பயன்பாடு, வசிப்பிடம்.
யார்க்‌ஷயர் மழையில் ஊறி வந்த உறை.
விண்ணப்பம் ஹோல்ராய்ட் தம்பதியுடையது.
ஓகன்ஷா மேட்டுத் தெருவின் பழைய சேப்பல்;
மூன்று படுக்கையறை,
பாடகர் மேடையில் குளியல் தொட்டி.

பதினொரு வருஷமாக நகராட்சியில்
கட்டங்களைச் சரிபார்ப்பவள் தெல்மா ரெயிஸ்ட்ரிக்.
குறுக்கெழுத்துக்கென்று மேசையில் கிடக்கும்
தடித்த அகராதியை மதியத்தில் புரட்டுவாள்,
சாண்ட்விச் துணுக்குகள் சிந்தச் சிந்த.

வர்ஷிப்: முதலில் அதற்குள் கடவுள் இல்லை.
மதிப்பு, தகுதி, அவ்வளவுதான்.
மேயரை இன்றும் அப்படி விளிக்கிறார்கள்,
அவர் கழுத்துச் சங்கிலிக்கு அது பிடித்திருக்கிறது.

டுவெல்: வீடு கட்டியவன் சொல் அல்ல இது.
வழி தவறச் செய் என்பது முதல் பொருள்.
பிறகு, தாமதி.
அதற்கும் பிறகுதான், வசி.
தவறி,
தயங்கி,
தங்கிவிட்ட ஒருவன்
ஒற்றைச் சொல்லுக்குள்.

வியாழக்கிழமை நேரில் போனாள்.
சாவி முரண்டு பிடித்தது.
பெஞ்சுகளெல்லாம் ஏற்கெனவே விலைபோய்
எந்தெந்த மதுக்கூடத்திலோ உட்கார்ந்திருந்தன.
விண்டோ என்றால் காற்றின் கண்;
உடைந்த ஒன்று அவளை இமைக்காமல் பார்த்தது.
டேப்பை நீட்டினாள். பதினாலு மீட்டர், கொஞ்சம் குறைய.

போதகர் அறையில்
ஒரு ஸ்டவ், அரைப் பாக்கெட் ரொட்டி,
கயிற்றில் காயும் காலுறைகள்.
சுவரோரம் பெரிய கோட்டுக்கு அடியில் ஒரு ஆள்.
"அரை மணியில் கிளம்பிடுறேன்" என்றான்,
நவம்பரிலிருந்து அதையே சொல்லி வருபவன் போல.
பெயர் கிளெம்.
ரோச்டேல் பஸ்ஸைத் தவறவிட்டானாம்.
எந்த வருஷத்து பஸ் என்று அவள் கேட்கவில்லை.

கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
சேப்பல் என்றாலே சின்ன மேலங்கிதான்.
குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத்
தன் அங்கியை வாளால் இரண்டாக்கித் தந்தானாம்
ஒரு சிப்பாய்.
மீந்த பாதியைப் பூட்டிவைத்த அறைக்கு அந்தப் பெயர்,
அப்புறம் அதுபோன்ற அறைகளுக்கெல்லாம்.
கொடுத்த பாதி எங்கே போயிற்று என்று
அகராதியில் இல்லை.

எட்டு வாரக் கெடுவில் ஆறு மிச்சம்.
கோப்பைத் தட்டின் அடியில் செருகினாள்,
அதன்மேல் நாய்க்கொட்டில், கார் ஷெட்,
யாரோ ஒருவரின் வேலித் தகராறு.

ஹோல்ராய்ட் அம்மாள் போனில் கேட்டாள்,
ஏன் இன்னும் தாமதம்?
உங்கள் சொல் இப்போதுதான்
இரண்டாம் பொருளுக்கு வந்திருக்கிறது
என்றா சொல்ல முடியும்?
பரிசீலனையில் இருக்கிறது என்றாள் தெல்மா.
வெளியே ஆலங்கட்டி விழ ஆரம்பித்திருந்தது.